யார் இட்ட பெயர்?

'இல்லை' என்றது பொறி. அந்த ஒரு சொல்லை நம்பி, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வெறுங்கையோடு வீடு திரும்பினாள்.

அவள் நம்மிடம் பயில்பவள். அவளுடைய பாட்டிக்குச் சர்க்கரை நோய். காலில் பட்ட சிறு புண் ஆறாமல் நாளுக்கு நாள் பெருகிற்று. மஞ்சளை அரைத்துப் பூசச் சொன்னாள் அண்டை வீட்டுக்காரி. மந்திரித்த கயிறு கொண்டுவந்து கட்டினார் பூசாரி. 'உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லச் சொல்' என்று நாம் சொல்லி அனுப்பினோம். அவள் தந்தையோ, 'பள்ளிக்கூடத்தில் ஆயிரம் சொல்வார்கள். புத்தகத்தில் அச்சடித்திருந்தால் கொண்டுவந்து காட்டு, பார்க்கலாம்' என்றார். அச்சிட்ட எழுத்தின்மீது அவர் வைத்திருந்த மதிப்பை நாம் குறைகூற மாட்டோம். அந்த மதிப்பையே துணையாகக் கொண்டு அச்சிறுமி ஊர் நூலகத்துக்கு ஓடினாள். அங்கிருந்த கணிப்பொறியில் 'சர்க்கரை நோய்' என்று தட்டினாள். விடையைத்தான் முதலில் கூறிவிட்டோமே!

மறுவாரம் நாமே சென்றோம். மருத்துவ நூல்கள் இருந்த அடுக்கில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். தூசு படிந்து இரண்டு நூல்கள் இருந்தன. ஒன்றன் அட்டையில் 'நீரிழிவு' என்றிருந்தது. மற்றொன்றன் அட்டையில் 'மதுமேகம்' என்றிருந்தது. இரண்டும் அவள் தேடிச் சென்ற அதே நோயைப் பற்றியவை. ஒன்றில் பாதப் புண்ணுக்கென்றே தனி இயல் இருந்தது.

அடுத்த மாதம் பாட்டியின் கால் விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். நூல் அன்றே கிடைத்திருந்தால் விரல் தப்பியிருக்கும் என்று நாம் உறுதி கூறமாட்டோம். சான்றில்லாமல் அப்படிக் கூறுவது பகுத்தறிவாகாது. ஆனால், இருந்த நூலை இல்லையென்று சொல்லி ஒரு சிறுமியைத் திருப்பி அனுப்பியது எது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்கிறோம்.

நூலகரைக் குறைகூறிப் பயனில்லை. காலையில் பூட்டைத் திறப்பவரும் அவரே. நாளிதழ்களை விரித்து வைப்பவரும் அவரே. நூலுக்கு எண் எழுதுபவரும், முத்திரை குத்துபவரும், இரவில் விளக்கை அணைப்பவரும் அவரே. நூலின் அட்டையில் கண்ட பெயரை அப்படியே பொறியில் ஏற்றியிருந்தார். நூல் எதைப் பற்றியது என்று ஒரு சொல்லால் குறிக்க வேண்டும், அந்தச் சொல் இன்னதென்று முன்னரே முடிவு செய்திருக்க வேண்டும் என்பதை அவருக்குச் சொல்லித் தந்தவர் எவருமில்லை. அதற்கான பட்டியலும் அவர் மேசையில் இல்லை. குற்றம் அந்த வெற்றிடத்தினுடையது.

பல பெயர், ஒரு பொருள்

ஒரு பொருளுக்குப் பல பெயர் வழங்குவது மொழியின் வளம். ஆனால் அந்த வளமே நூலகத்துக்குள் நுழையும்போது வாசகனை வழிமறிக்கும் தடையாகிவிடுகிறது. உழவு என்கிறோம், வேளாண்மை என்கிறோம், விவசாயம் என்கிறோம், பயிர்த்தொழில் என்கிறோம், ஈழத்தவர் கமம் என்கின்றனர். ஐந்து பெயரில் ஐந்து நூல் இருந்தால், ஒரு பெயரைக் கொண்டு தேடுகிறவனுக்குக் கிடைப்பது ஒரு நூல். மற்ற நான்கும் அவன் கண்ணெதிரே அடுக்கில் இருந்தும் அவனுக்கு இல்லாதவையே.

இதற்கு எதிரான இடரும் உண்டு. 'ஆறு' என்று தேடுகிறான் ஒருவன். அவன் கேட்டது காவிரியையா, எண்ணையா? 'பால்' என்று தேடுகிறாள் ஒருத்தி. அவள் கேட்டது கறவை மாட்டைப் பற்றியா, இலக்கணத்தில் வரும் ஐம்பாலைப் பற்றியா? 'திங்கள்' வானத்தில் இருக்கிறது, நாட்காட்டியில் இருக்கிறது, வாரத்தில் இருக்கிறது. பொறிக்கு இந்த வேறுபாடு தெரியாது. அது எழுத்தைப் பார்க்கும், பொருளைப் பார்க்காது.

இந்த இரண்டு இடர்களும் தமிழனுக்குப் புதியவை அல்ல. ஒரு பொருளுக்கு வரும் பல சொற்களையும், பல பொருளுக்கு வரும் ஒரு சொல்லையும் திரிசொல்லின் இருவகை எனப் பிரித்தறிந்தவர்கள் நம் இலக்கண ஆசிரியர்கள். அறிந்ததோடு நின்றார்களா? நிகண்டு செய்தார்கள். சேந்தன் திவாகரத்தைப் பாருங்கள். 12 தொகுதிகள் கொண்டது அது. மக்களின் பெயர்கள் ஒரு தொகுதி, விலங்கின் பெயர்கள் ஒரு தொகுதி, மரத்தின் பெயர்கள் ஒரு தொகுதி எனப் பொருள்வழியே சொற்களைத் திரட்டி வைத்தது. ஒரு சொல் பல பொருள் தருவதற்கென்றே பதினோராம் தொகுதியை ஒதுக்கியது. மேலைநாட்டு நூலகத் துறையினர் பின்னர் எதிர்கொண்ட சிக்கலின் இரு முனைகளையும் நம்மவர் ஏட்டுச்சுவடியிலேயே பற்றிவிட்டனர்.

பெருமை பேசி இங்கேயே நின்றுவிடலாம். நிற்க மாட்டோம். அந்த 12 தொகுதிகளில் முதல் தொகுதி எது? தெய்வப் பெயர்த் தொகுதி. மக்கள் அதற்கு அடுத்தே வருகின்றனர். வரிசை என்பதே ஒரு தீர்ப்பு என்பதை இங்கே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு வருவோம்.

1876ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டுச் சார்லசு அம்மி கட்டர் என்பவர் அகராதி முறையில் நூற்பட்டியல் அமைப்பதற்கு விதிகள் வகுத்து வெளியிட்டார். நூலாசிரியர் பெயர், நூலின் பெயர், நூல் கூறும் பொருள் ஆகிய மூன்றில் ஒன்றை மட்டும் அறிந்தவனுக்கும் நூல் கிடைக்க வேண்டும் என்பது அவர் கொண்ட குறிக்கோள். இதன்வழி வளர்ந்ததுதான் பொருள் தலைப்புப் பட்டியல். ஒரு பொருளுக்கு வழங்கும் பல சொற்களில் ஒன்றைத் தலைமைச் சொல்லாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்பொருள் பற்றிய எல்லா நூல்களையும் அந்தச் சொல்லின்கீழ்த் திரட்ட வேண்டும். மற்ற சொற்களைத் துரத்திவிடக் கூடாது. அவற்றின் எதிரே 'காண்க' என்று எழுதி வழி காட்ட வேண்டும். 'மதுமேகம் — காண்க: நீரிழிவு.' இவ்வளவுதான்! இத்தகைய ஒரு வரி இருந்திருந்தால் நம் மாணவி வெறுங்கையோடு திரும்பியிருக்க மாட்டாள்.

'பொறி பார்த்துக்கொள்ளும்' என்போருக்கு

'இதெல்லாம் பழங்காலத்துச் சீட்டுப் பெட்டிக்கு வேண்டிய வேலை. இன்று எந்தச் சொல்லைத் தட்டினாலும் பொறி தேடித் தந்துவிடும்' என்று கூறும் நண்பர்கள் நம்மிடையே உளர். படித்தவர்கள், நல்லவர்கள், ஆனால் பொறியிடம் அவர்கள் வைத்திருக்கும் நம்பிக்கை, பூசாரியின் கயிற்றிடம் அண்டை வீட்டுக்காரி வைத்திருந்த நம்பிக்கையிலிருந்து அதிக தொலைவில் இல்லை.

வறட்சியைப் பற்றி ஒருவர் நூல் எழுதி, அதற்கு 'வானம் பொய்த்தபோது' என்று பெயர் சூட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'வறட்சி' என்று தட்டினால் அந்நூல் எப்படி வரும்? பொருளை ஊகித்து அறியும் பொறிகள் வந்துவிட்டனவே என்பர். வந்துவிட்டன; மறுக்கவில்லை. அவை எதைக் கொண்டு ஊகிக்கின்றன? மனிதர் முன்பு எழுதிக் குவித்ததைக் கொண்டு. குவித்ததில் எந்த மொழி மிகுதியோ அந்த மொழிக்கு ஊகம் நன்றாக வரும். எந்த மக்களைப் பற்றிய இழிசொல் மிகுதியோ அந்த இழிசொல்லும் ஊகத்தில் கலந்து வரும். அதைவிடப் பெரிய குறை வேறொன்று. பொறி தவறாக ஊகித்தால், தவற்றைக் கண்டுபிடிப்பது எப்படி? யாரிடம் முறையிடுவது? பட்டியல் அப்படியல்ல. அது எழுதப்பட்டது, எல்லார் கண்ணுக்கும் தெரிவது, இந்தச் சொல் தவறு என்று விரல் வைத்துக் காட்டக் கூடியது. காட்டி, வாதாடி, திருத்தக் கூடியது.

மருத்துவத் துறையினரைப் பாருங்கள். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1960ஆம் ஆண்டு தன் மருத்துவப் பொருள் தலைப்புப் பட்டியலை வெளியிட்டது. இத்தனை பொறிகள் வந்த பின்னும் அதைக் கைவிடவில்லை. புதுப்பித்துப் புதுப்பித்து இன்றும் பயன்படுத்துகின்றனர். மருத்துவர்களுக்கு வேண்டியது மக்களுக்கு வேண்டாமா?

பெயருக்குள் இருக்கும் பிரம்பு

ஆகவே சொல்லுக்கு ஒழுங்கு வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஐயம் வேறு இடத்தில் பிறக்கிறது. ஒழுங்கு செய்பவர் யார்? தலைமைச் சொல் எது என்று தீர்ப்பளிப்பவர் யார்? பெயரிடும் உரிமையைக் கையில் வைத்திருப்பவர், உலகத்தைத் தம் வீட்டு முற்றத்திலிருந்து பார்க்கிறார். அவருக்கு அருகில் இருப்பது பெரிதாகத் தெரிகிறது. தொலைவில் இருப்பது புள்ளியாகத் தெரிகிறது.

கட்டர் விதி வகுத்த அதே 1876ஆம் ஆண்டில் மெல்வில் டூயி தம் தசமப் பகுப்பு முறையை வெளியிட்டார். அறிவு முழுவதையும் பத்து வகுப்பாக்கி எண்ணிட்ட முறை அது. உலகெங்கும் பரவிய முறை. நம் நாட்டு நூலகங்கள் பலவற்றிலும் வழங்கும் முறை. அதில் 200 என்பது சமயம். 220 முதல் 289 வரை எழுபது எண்கள் விவிலியத்துக்கும் கிறித்துவத்துக்கும். உலகத்தின் ஏனைய சமயங்கள் அனைத்துக்கும் 290 முதல் 299 வரை பத்தே எண்கள்! அண்மைக் காலத்தில் மாற்று வரிசை ஒன்றையும் வகுத்துத் தந்திருக்கின்றனர் என்பதை நேர்மையோடு குறிப்பிடுகிறோம். ஆனால் பழைய எண்ணே அடுக்குகளில் நிலைத்திருக்கிறது.

பகுத்தறிவாளர்களே, நம் இடம் எது என்று தேடிப் பார்த்தீர்களா? கடவுள் மறுப்புக்கு எண் 211.8. கடவுளைப் பற்றிய கருத்துகள் என்னும் 211இன் உட்பிரிவு அது. கடவுள் இல்லை என்று எழுதியவனின் நூலும் சமயம் என்னும் கூரையின்கீழ்த்தான் ஒண்ட வேண்டும்! கோயிலை விட்டு வெளியே வந்தவனுக்குக் கோயில் மண்டபத்திலேயே ஒரு தூணைக் காட்டியிருக்கிறார்கள்.

பெண்ணின் இடம் எது? டூயி முறையின் தொடக்ககாலப் பதிப்புகளில் 390 என்பது பழக்கவழக்கங்கள். அதில் 395 நடத்தை நாகரிகம். 397 நாடோடிகளும் ஒதுக்கப்பட்ட இனங்களும். இடையே 396 பெண்கள். விருந்தில் எப்படி உட்காருவது என்பதற்கும், ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டோருக்கும் நடுவே மனித குலத்தின் பாதியை அடைத்துவிட்டார்கள். போராடியே அந்த அடைப்பை உடைக்க நேர்ந்தது. பெண்ணைப் பற்றிய ஆய்வு இன்று சமூகவியலில் 305.4 என்னும் இடத்தைப் பெற்றிருக்கிறது.

தமிழின் இடம் எது? அமெரிக்க இலக்கியம் 810, ஆங்கிலம் 820, செருமானியம் 830, பிரெஞ்சு 840 என்று நடந்து, இத்தாலியம், இசுபானியம், இலத்தீன், கிரேக்கம் எல்லாம் கடந்து, 'ஏனைய மொழிகள்' என்னும் 890இல் நுழைந்து, அங்கே துருக்கியத்தோடும் அங்கேரியத்தோடும் ஃபின்னியத்தோடும் 894இல் நெருங்கி நின்று, புள்ளி வைத்து, இன்னும் மூன்று இலக்கம் தாண்டினால் 894.811 — தமிழ் இலக்கியம்! துருக்கிக்கும் நமக்கும் என்ன உறவு? திராவிட மொழிகளையும் துருக்கியம் போன்றவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பார்த்தது 19ஆம் நூற்றாண்டு மொழிநூல். 1856இல் ஒப்பிலக்கணம் தந்த கால்டுவெல் பெருமகனாரே சித்திய மொழிகளோடு நமக்கு உறவு காண முயன்றவர்தாம். அந்தக் கருத்து மொழிநூலில் செல்வாக்கிழந்துவிட்டது. அதன் சாயல் கொண்ட எண்ணோ நம் நூல்களின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதனால் டூயியின் முறையைக் கொளுத்துங்கள் என்று கூறவில்லை. தன் மொழி இலக்கியத்தை முன்னே வைத்துக்கொள்ள விரும்பும் நூலகத்துக்கு அம்முறையே விருப்ப வழி ஒன்றைத் தருகிறது. கதவு தாழிடப்படவில்லை, தள்ளிப் பார்க்க நாம் துணிய வேண்டும். அந்த மனிதரைப் பற்றியும் ஒரு சொல். யூதரையும் கறுப்பினத்தாரையும் விலக்கி வைத்த கேளிக்கைக் கழகத்தை நடத்தியவர் அவர். அமெரிக்க நூலகச் சங்கம் தான் வழங்கும் உயரிய பதக்கத்திலிருந்து அவர் பெயரை 2019ஆம் ஆண்டு நீக்கிவிட்டது. முறையின் பயனைக் கொள்வோம், வகுத்தவரைத் தொழமாட்டோம்.

எதிர்த்து நின்ற இருவர்

1930ஆம் ஆண்டு, வாசிங்டன் நகரில், கறுப்பின மக்களின் கல்விக்காகத் தோன்றிய ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் நூலகப் பணியேற்றார் டோரதி போர்ட்டர் என்னும் கறுப்பினப் பெண்மணி. தம் மக்கள் எழுதிய நூல்களைப் பிற நூலகங்கள் எங்கே வைத்திருக்கின்றன என்று விசாரித்தார். இரண்டே எண்களில் வைத்திருந்தனர். ஒன்று 325, குடியேற்றம். மற்றொன்று 326, அடிமைமுறை. கவிதை எழுதினாலும் கறுப்பன் கவிதை என்றால் அங்கேதான்! போர்ட்டர் அம்மையார் இதை ஏற்க மறுத்தார். கவிதையைக் கவிதையிலும், வரலாற்றை வரலாற்றிலும் வைத்துப் புதிய ஒழுங்கு செய்தார். விலங்கை உடைத்தெறிந்த மக்களை அடிமை என்னும் எண்ணுக்குள் மீண்டும் பூட்டி வைத்திருந்த நூலகங்களுக்கு அவர் தந்த விடை அது.

மற்றொருவர் சான்ஃபோர்டு பெர்மன். அமெரிக்கர், ஆப்பிரிக்காவில் சாம்பியா நாட்டுப் பல்கலைக்கழக நூலகத்தில் பணியாற்றியவர். அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் பொருள் தலைப்புகளில் 'காஃபிர்' என்னும் சொல் கறுப்பின மக்களைக் குறிக்கத் தலைப்பாக இருந்தது. அந்தச் சொல் அங்குள்ள மக்களின் செவிக்கு எத்துணைப் பெரிய வசை என்பதை அங்கே வாழ்ந்தபோது உணர்ந்தார். 1971ஆம் ஆண்டு அப்பட்டியலின் தலைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றுள் மறைந்துள்ள வெறுப்பைத் தோலுரித்து நூல் எழுதினார். சொல்லுக்குச் சொல் மாற்றுச் சொல்லும் தந்தார். அவர் சுட்டிய தலைப்புகள் பல பின்னர் மாறின.

அதே பட்டியலில் நம் நாட்டு மக்களும் இருந்தனர். என்ன பெயரில்? 'தீண்டத்தகாதோர்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லில்! 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பு தன் 17ஆம் பிரிவில் தீண்டாமையை ஒழித்தது. சட்டம் ஒழித்த பின்னும் பல ஆண்டுகள் நூலகச் சீட்டில் அச்சொல் வாழ்ந்தது. இன்று அங்கே 'தலித்துகள்' என்பதே தலைப்பு. பழஞ்சொல் வழிகாட்டும் குறிப்பாக மட்டும் நிற்கிறது.

இந்தப் போர் நமக்குத் தெரியாததா? 1922ஆம் ஆண்டு எம். சி. ராஜா அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, அரசு ஆவணங்களில் வழங்கிய 'பஞ்சமர்' முதலிய பெயர்களை நீக்கி 'ஆதி திராவிடர்' என்று வழங்கச் செய்யவில்லையா? பெயரில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கும் சிலர் ஏளனம் செய்திருப்பர். பெயரில்தான் எல்லாம் இருக்கிறது என்பதை, இழிபெயரால் அழைக்கப்பட்டவன் அறிவான்.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். பழைய நூல்களின் பெயரை மாற்றச் சொல்லவில்லை. 1900இல் ஒருவர் தம் நூலின் அட்டையில் 'பஞ்சமர்' என்று போட்டிருந்தால் அது அப்படியே இருக்கட்டும். அது வரலாற்றின் சான்று. நூலின் பெயர் அதை எழுதியவருடைய பொறுப்பு. பொருள் தலைப்பு அதை அடுக்கி வைப்பவருடைய பொறுப்பு. அடுக்கி வைப்பவர் இழிசொல்லைத் தாமே எடுத்து மீண்டும் சொல்லக் கூடாது. அதே வேளையில், அந்தப் பழஞ்சொல்லைக் கொண்டு தேடி வரும் ஆய்வாளனையும் திருப்பி அனுப்பக் கூடாது. 'காண்க' என்னும் குறிப்பு இரண்டு கடமையையும் ஒருங்கே செய்கிறது.

சீர்காழி தந்ததும் நாம் விட்டதும்

இத்துறையில் உலகமே வணங்கும் ஒருவர் தமிழ் மண்ணில் பிறந்தவர் என்பது நம் இளைஞர் பலருக்குத் தெரியாது. சீர்காழியில் 1892இல் பிறந்த எசு. ஆர். இரங்கநாதன் கணிதம் கற்பித்த ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன், வாசகனின் நேரம் வீணாகக் கூடாது என்பன அவற்றுள் சில. 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். பொருளைப் பல முகங்களாகப் பிரித்து, வேண்டியபடி கோத்துக்கொள்ளும் முறை அது. அதில் '2' என்னும் எண் தாய்நாட்டைக் குறிக்கும். எந்த நாட்டு நூலகம் ஆனாலும் தன் நாட்டை முன்னே வைத்துக்கொள்ளலாம்! தாய்மொழிக்கும் அவ்வாறே முன்னுரிமை தர வழி வைத்தார். உலகத்தைப் பார்க்கும் முற்றத்தை அவரவர் வீட்டுக்கே மாற்றித் தந்தவர் அவர்.

பகுப்பு எண்ணிலிருந்தே பொருள் தலைப்புகளைச் சங்கிலிபோல் வரிசையாகப் பிரித்தெடுக்கும் வழியையும் அவர் கண்டார். 1950இல் தொடங்கிய பிரித்தானியத் தேசிய நூற்பட்டியல் அந்த வழியை ஏற்றுக் கையாண்டது. இலண்டன் கற்றுக்கொண்டது! இரங்கநாதனின் முயற்சியால் 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. அதன் பயனாக வீட்டுவரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். ஆனால் அந்த வரியில் வாழும் சிற்றூர் நூலகத்தில் 'சர்க்கரை நோய்' என்று கேட்டால் 'இல்லை' என்று விடை வருகிறது.

அவரையும் நாம் கண்ணை மூடிக்கொண்டு புகழவில்லை. தம் பகுப்பு முறையில் தொழிற்கலைகளுக்கும் நுண்கலைகளுக்கும் நடுவே கிரேக்க எழுத்தொன்றை நிறுத்தி, ஆன்மிக அனுபவத்துக்குத் தனிப் பெருவகுப்பு தந்தவர் அவர். திவாகரம் தெய்வத்தை முதலில் வைத்தது. இவர் நடுவில் வைத்தார். வரிசை ஒரு தீர்ப்பு என்றோம் அல்லவா? அறிஞர்களின் தீர்ப்பாயினும் மறு ஆய்வுக்கு உட்பட்டதே. அவர் வகுத்த ஐந்தாம் விதியே நூலகம் வளரும் உயிர் என்றுதானே கூறுகிறது!

இரண்டு அலமாரி, ஒரு பாடம்

நாம் பணிபுரியும் பள்ளியில் இரண்டு அலமாரி நூல்கள் உள்ளன. நானூற்றுக்குச் சற்று மேல். மாணவர்களைக் கூட்டி அவற்றுக்குப் பொருள் தலைப்புச் சீட்டு எழுதத் தொடங்கினோம். பழைய தேர்வுத்தாளின் பின்பக்கமே சீட்டு. முதல் நாளே சண்டை வந்தது. அந்த நோய்க்குத் தலைமைச் சொல் எது? 'நீரிழிவு' என்றோம் நாம். நல்ல தமிழ், நூல்களில் பயிலும் சொல், ஐயமென்ன? வெறுங்கையோடு திரும்பிய அதே மாணவி எழுந்து, 'ஐயா, எங்கள் பாட்டி எந்தச் சொல்லைச் சொல்லித் தேடுவார்?' என்று கேட்டாள்.

நாம் வாயடைத்து நின்றோம். வடமொழி மேலாண்மையையும் ஆங்கில மேலாண்மையையும் எதிர்த்துப் பேசிய நாவால், நம்மை அறியாமலே ஒரு கிழவியை நூலகத்தின் வாயிலில் நிறுத்தி வைக்கப் பார்த்தோம் அல்லவா? தூய தமிழ் வேண்டும். அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால், பேசுகிற மக்களின் சொல்லுக்கு 'காண்க' என்று ஒரு வரி எழுதக்கூட மனமில்லாத தூய்மை, புதிய அக்கிரகாரம் கட்டும் வேலை. தலைமைச் சொல் 'நீரிழிவு' என்றே இருக்கட்டும் என்று வாக்கெடுப்பில் முடிவாயிற்று. ஆனால் சர்க்கரை நோய், சர்க்கரை வியாதி, இனிப்பு நீர், மதுமேகம் என்று நான்கு சீட்டு எழுதி, நான்கிலும் வழி காட்டினோம். பள்ளி அலமாரியில் இன்று அந்த நோயின் நூல் எந்த வாயால் கேட்டாலும் கிடைக்கும்.

சாதி பற்றிய நூல்களுக்கு வந்தபோது மறுபடி வாதம். அவற்றைச் சமயத்தில் வைப்பதா, சமூகத்தில் வைப்பதா? 'சமயத்தில் வைத்தால் அது கடவுள் செய்தது போலாகும். சமூகத்தில் வைத்தால் மனிதன் செய்தது, மனிதன் மாற்றலாம் என்று தெரியும்' என்றான் ஒரு பையன். பாடநூல் எதுவும் அவனுக்கு இதைச் சொல்லித் தரவில்லை. சீட்டு எழுதியதே சொல்லித் தந்தது. சமூகத்தில் வைத்தோம், சமயத்திலிருந்து 'மேலும் காண்க' என்று வழியும் விட்டோம்.

தோழர்களே! கோரிக்கை பெரிதன்று. தமிழில் ஒரு பொருள் தலைப்புப் பட்டியல் ஒவ்வொரு சிற்றூர் நூலகரின் மேசையிலும் இருக்க வேண்டும். நூலகரும், ஆசிரியரும், மருத்துவரும், உழவரும், எந்த மக்களைப் பற்றிப் பெயரிடுகிறோமோ அந்த மக்களும் கூடி அதைச் செய்ய வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் திருத்த வேண்டும். திருத்தத்தை எவரும் முன்மொழிய இடம் வேண்டும். நூலக வரி செலுத்தும் மக்களுக்கு இதைக் கேட்கும் உரிமை உண்டு.

அரசும் அறிஞர் குழுவும் செய்யும் வரை காத்திருக்க வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை இருவர் மூவராக உங்கள் ஊர் நூலகத்துக்குச் செல்லுங்கள். நூலகரிடம் பணிவோடு பேசுங்கள். அவர் உங்கள் பகைவர் அல்லர், துணையில்லாமல் தனியே உழைப்பவர். உங்கள் ஊர் மக்கள் வாயில் வழங்கும் பத்துச் சொற்களைப் பொறியில் தட்டிப் பாருங்கள். எந்தச் சொல்லுக்கு 'இல்லை' என்று வருகிறதோ அதைக் குறித்துக்கொண்டு அடுக்குக்குச் செல்லுங்கள். நூல் அங்கே இருந்தால், ஒரு சீட்டை எடுத்து, மக்கள் சொல்லை மேலே எழுதி, 'காண்க' என்று போட்டு, நூலின் சொல்லைக் கீழே எழுதி அவரிடம் கொடுங்கள். பத்துச் சீட்டோடு தொடங்குங்கள்.